‘தாத்தா, யூ ஏட்!’ என்றால் என்ன அர்த்தம்?

வாசகர் கேள்வி: தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கும்பகோணத்தில் இருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில நாவல்களைப் படித்துத்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் எழுதித் தரச் சொன்னார்கள். ‘எ கே அண்ட் மெர்ரி ஈவினிங்’ என்று எழுதினேன். இளைஞர்கள் சிரித்தார்கள். செயலாளர் தனியாகக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் புது வேட்டி சட்டையில் எடுத்த போட்டோவைப் பேரனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ‘தாத்தா, யூ ஏட்!’ என்று பதில் போட்டான். ‘இன்னும் இல்லைப்பா, பாட்டி இப்போதுதான் தோசை ஊற்றுகிறாள்’ என்று எழுதினேன். அதைத் தன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டான். நாவலில் வருவதும் பாதி புரிவதில்லை, பேரன் எழுதுவதும் புரிவதில்லை. சந்தேகம் உள்ள சொற்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எந்த அகராதி வாங்க வேண்டும்? என் ஆங்கிலம் காலாவதி ஆகிவிட்டதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், மன்னியுங்கள். ஆனால் தோசை பதிலுக்காகத்தான் சிரித்தேன். ‘கே’ விஷயத்தில் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்று கைக்கு வந்தது. அதில் ஓர் இடம். வரவேற்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா ஏதோ பின்னிக்கொண்டிருக்கிறார். எதிரே பாதிரியார் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் கதாநாயகன் அந்தப் பெண்ணிடம் ‘மேட் லவ்’ என்று இருந்தது. நான் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் மங்கலாக, ஆனால் புரிகிற விதத்தில் தமிழில் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதிப்பாசிரியர் போன் செய்தார். “ஏம்மா, பாதிரியார் முன்னாலேயேவா?” என்றார்.

அந்தக் காலத்தில் அந்தச் சொற்றொடருக்கு இனிக்க இனிக்கப் பேசுவது, ஆசையை வார்த்தையில் தெரிவிப்பது என்றுதான் பொருள். இன்று எல்லோருக்கும் தோன்றும் பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. ‘இன்டர்கோர்ஸ்’ என்ற சொல்லும் அப்படித்தான். பழைய நாவலில் இரண்டு குடும்பங்களுக்கு இடையே அது இருந்தது என்றால், போக்குவரத்தும் பேச்சுவார்த்தையும் இருந்தன என்று பொருள். பதற வேண்டாம்.

‘கே’ என்பதற்குச் சில நூற்றாண்டுகள் உற்சாகம், குதூகலம், பளபளப்பு என்றுதான் அர்த்தம். நீங்கள் படித்த நாவல்களில் மாலைப்பொழுது ‘கே’யாக இருக்கும், தொப்பியின் ரிப்பன் ‘கே’யாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், தன்பாலினரை விரும்புகிறவர்கள் தங்களுக்குள் ஒரு குறிச்சொல்லாக அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 1960களின் கடைசியில் தங்களை வெளிப்படையாக அழைத்துக்கொள்ளவும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். அதோடு பழைய பொருள் ஒதுங்கிக்கொண்டது. ஆகவே நீங்கள் கெட்ட வார்த்தை எதையும் எழுதிவிடவில்லை. அது கெட்ட வார்த்தையே இல்லை. வீடு கைமாறியது தெரியாமல் பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ‘ரீடைரக்ட்’ செய்து பழகிய கைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பேரனுக்கு வருவோம்.

‘யூ ஏட்’ என்பதன் நேர்ப்பொருள் ‘சாப்பிட்டீர்கள்’. அவன் சொன்ன அர்த்தத்தில் ‘பிரமாதப்படுத்திவிட்டீர்கள்’ என்று பொருள். இதற்கு ஆங்கில அகராதியே வேண்டாம். நாம் சொல்வதில்லையா, ‘அந்த ஒரு சீனில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்’ என்று? அதேதான். அதையே நீட்டி, தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை என்றும் சொல்வார்கள். அதாவது வேட்டி சட்டையில் தாத்தா தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று பையன் பாராட்டியிருக்கிறான். தோசை பதிலைப் பத்துப் பேருக்குக் காட்டினானே, அதில் கேலியைவிடப் பெருமைதான் அதிகம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அவன் எழுதியதாக நீங்கள் குறித்திருக்கும் மற்றவற்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘நோ கேப்’ என்றால் பொய் இல்லை, சத்தியமாக. ‘சஸ்’ என்பது சந்தேகத்துக்கு இடமானது, ‘சஸ்பிஷியஸ்’ என்பதை வெட்டியது. ‘மிட்’ என்றால் சுமார். ‘ரிஸ்’ என்பது பேச்சாலேயே ஆளைக் கவரும் திறமை. ‘கரிஸ்மா’வின் நடுப்பகுதியைப் பிய்த்து எடுத்தது என்கிறார்கள். 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் அறிவித்தது. ‘ஸ்லே’ என்பதன் பழைய பொருள் கொல்வது. இப்போது அசத்துவது. நம் பிள்ளைகள் ‘கொன்னுட்டான்’ என்று சொல்வதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தச் சொற்களில் பல, கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் பிறந்தவை. இணையம் அவற்றை எடுத்து உலகம் முழுக்கத் தூவிவிட்டது. பேரனுக்கே அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் இருக்கலாம்.

இப்போது அகராதி. உங்கள் வீட்டில் ஏற்கெனவே நல்ல ஆங்கில அகராதி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். புதிது வாங்குவதற்கு முன்னால் அதில் நாம் யாரும் பார்க்காத ஓர் இடத்தைப் பாருங்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே சாய்ந்த எழுத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். என் தொழிலில் முக்கால்வாசி வேலை அந்தக் குறிப்பைப் படிப்பதுதான். ‘டேட்டட்’ என்று இருந்தால் இன்னும் புரியும், ஆனால் தாத்தா பாட்டிகள்தான் சொல்வார்கள் என்று பொருள். ‘ஆர்க்கெயிக்’ என்றால் இன்று சாதாரணமாக யாரும் சொல்வதில்லை. வேத புத்தகத்திலும் செய்யுளிலும் வேண்டுமென்றே பழைய வாசனை சேர்க்கிற இடத்திலும் வரும். ‘அப்சலீட்’ என்றால் செத்தே போய்விட்டது. ‘ஹிஸ்டாரிக்கல்’ என்பது கொஞ்சம் வேறு. அங்கே சொல் சாகவில்லை, பொருள்தான் உலகத்தில் இல்லாமல் போயிற்று. நம் ஊரில் கமலை, மரக்கால் மாதிரி. ‘இன்ஃபார்மல்’ என்பதை நண்பர்களிடம் பேசலாம், விண்ணப்பத்தில் எழுதக்கூடாது. ‘ஸ்லாங்’ என்பது ஒரு கூட்டத்தின் சொத்து. அந்தக் கூட்டத்தில் நாம் இல்லையென்றால் புரிந்துகொண்டு பேசாமல் இருப்பது நல்லது. ‘ஆஃபென்சிவ்’ என்று இருந்தால் அர்த்தம் தெரிந்துகொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் ‘கே’க்கு நேராக, மகிழ்ச்சி என்ற பொருளுக்குப் பக்கத்தில், ‘டேட்டட்’ என்று பெரும்பாலும் போட்டிருக்கும். பாருங்கள்.

ஒரு சொல் எந்த வருடத்தில் எந்தப் பொருளில் இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிதான் சிறந்த வழி. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வருட வரிசைப்படி மேற்கோள்கள் இருக்கும். அது உருவான கதை தபால்காரர்களின் கதையும்கூட என்பதால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் மர்ரே என்பவர் 1879இல் அதன் ஆசிரியர் ஆனார். பழைய புத்தகங்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அனுப்பினார்கள், லட்சக்கணக்கில். ஆக்ஸ்ஃபோர்டில் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அந்தச் சீட்டுகளைப் புறாக்கூண்டு போன்ற சின்னச் சின்ன அறைகளில் வரிசைப்படுத்தினார். நம் சார்ட்டிங் பெட்டி மாதிரியேதான். போகவும் வரவும் கடிதங்கள் குவிந்ததால் அவர் வீட்டு வாசலிலேயே தபால் துறை ஒரு சிவப்புத் தபால் பெட்டியை நட்டுவைத்தது. ‘மிஸ்டர் மர்ரே, ஆக்ஸ்ஃபோர்டு’ என்று மட்டும் எழுதினாலே கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். முதல் பகுதி 1884இல் வந்தது. முழு அகராதியும் முடிந்தது 1928இல். மர்ரே 1915இலேயே இறந்துவிட்டார்.

அந்த அகராதி விலை அதிகம், வாங்கச் சொல்ல மாட்டேன். பெரிய நூலகங்களில் இருக்கும். கொச்சைச் சொற்களுக்கு ஜோனதன் கிரீன் தொகுத்த அகராதி ஒன்று உண்டு. 2010இல் மூன்று தடித்த தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதிலும் வருடம் போட்ட மேற்கோள்கள் உண்டு. பேரன் காட்டக்கூடிய ‘அர்பன் டிக்‌ஷனரி’யில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நேற்று பிறந்த சொல்லுக்கு அதை விட்டால் வழியில்லை. ஆனால் நான்கைந்து விளக்கங்களைப் படித்து, எல்லாவற்றிலும் பொதுவாக எது வருகிறதோ அதை மட்டும் நம்புங்கள். பாதி பேர் அங்கே நண்பனைக் கிண்டல் செய்யத்தான் எழுதுகிறார்கள்.

இனி உங்கள் தனித்தாள்.

‘தௌ’, ‘தீ’, ‘தை’ எல்லாம் மிக மரியாதையான சொற்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேர்மாறு. ‘தௌ’ என்பது நம் ‘நீ’. ‘தீ’ என்பது ‘உன்னை’, ‘தை’ என்பது ‘உன்’. ‘யூ’ என்பது ‘நீங்கள்’. முதலில் ‘யூ’ பன்மைக்கு மட்டும்தான் இருந்தது. அப்புறம் பெரியவர் ஒருவரை அழைக்கவும் பன்மையைப் பயன்படுத்தினார்கள். ‘நீங்கள்’ நம்மிடம் எப்படி மரியாதைச் சொல் ஆனதோ அதே பாதைதான். அதனால் பழைய ஆங்கில நாடகத்தில் ஒருவன் திடீரென்று ‘யூ’விலிருந்து ‘தௌ’வுக்கு இறங்கினால் கவனியுங்கள். ஒன்று, நெருக்கம் கூடியிருக்கிறது. இல்லையென்றால், சண்டை ஆரம்பித்திருக்கிறது. 1603இல் வால்டர் ராலே என்ற ஆங்கிலக் கடலோடி மீது ராஜத் துரோக வழக்கு நடந்தது. விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ‘உன்னை ‘தௌ’ என்றுதான் சொல்வேன், துரோகியே’ என்று நீதிமன்றத்திலேயே கத்தினார். இதை ஓர் அமெரிக்க மாணவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். ‘மரியாதையா பேசுய்யா, என்ன நீ வா போன்னு’ என்ற சண்டையைப் பஸ்ஸில் ஒரு தடவையாவது கேட்ட நமக்கு அரை நொடி போதும்.

குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் 17ஆம் நூற்றாண்டில் இதில் பிடிவாதமாக இருந்தார்கள். கடவுள் முன்னால் எல்லோரும் சமம், ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் ‘தௌ’தான் என்றார்கள். வசவும் அடியும் வாங்கினார்கள். பிறகு வேடிக்கையாக ஒன்று நடந்தது. யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று எல்லோரும் எல்லோரையும் ‘யூ’ என்றே அழைக்கத் தொடங்க, ‘தௌ’ பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. இன்று ஆங்கிலேயர் நாய்க்குட்டியிடம்கூட ‘நீங்கள்’தான். 1611இல் வெளியான ஆங்கில பைபிளிலும் ஜெபங்களிலும் மட்டும் கடவுளை ‘தௌ’ என்று அழைப்பது தங்கிவிட்டதால், பின்னால் வந்தவர்களுக்கு அது பக்தி மணக்கும் சொல்லாகத் தெரிந்தது. தேவாரத்தில் சிவனை ‘நீ’ என்று பாடுவது நமக்குக் காதில் உறுத்துகிறதா என்ன?

‘வேர்ஃபோர்’ என்றால் எங்கே என்று அல்ல, ஏன் என்று பொருள். ஜூலியட் மாடத்தில் நின்று ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ என்று கேட்கும்போது அவனைத் தேடவில்லை. ‘நீ ஏன் ரோமியோவாகப் பிறந்து தொலைத்தாய்’ என்கிறாள், எதிரிக் குடும்பத்துப் பெயர் என்பதால். நெற்றியில் கை வைத்து இருட்டில் உற்றுப் பார்க்கும் ஜூலியட்டுகளைப் பள்ளி ஆண்டு விழாக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாத்தியார்களுக்கும் தெரியாமல்தான் இருக்கிறது.

‘யீ ஓல்ட்’ என்று கடைப் பலகைகளில் வருவது எழுத்துப் பிழையின் குழந்தை. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கு ‘தார்ன்’ என்று தனி எழுத்து ஒன்று இருந்தது. கையெழுத்தில் அது ‘ஒய்’ மாதிரியே தெரியும். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் அந்த எழுத்து இல்லாததால் அச்சுக்காரர்கள் ‘ஒய்’யைப் போட்டுச் சமாளித்தார்கள். ஆகவே அதைத் ‘தி ஓல்ட்’ என்றுதான் படிக்க வேண்டும். ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒன்றுபோல இருந்து பதிப்பித்தவர்களைப் படுத்திய பாடு உங்களுக்கு நினைவு வரலாம். (‘நீங்கள் எல்லோரும்’ என்ற பொருளில் வரும் ‘யீ’ வேறு. அது நிஜச் சொல்.)

‘ப்ரசென்ட்லி’யில் நீங்கள் மட்டுமல்ல, அரசாங்கமே வழுக்கி விழுகிறது. நம் அலுவலகங்களில் அதற்கு ‘தற்போது’ என்று பொருள். அமெரிக்கர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் படிக்கும் 19ஆம் நூற்றாண்டு நாவலில் ‘சற்று நேரத்தில்’. ஷேக்ஸ்பியர் காலத்துக்குப் போனால் ‘உடனே’. ‘அனான்’, ‘சூன்’ இரண்டும்கூட ஒரு காலத்தில் ‘உடனே’ என்றுதான் இருந்தன. மனிதர்கள் உடனே என்று சொல்லிவிட்டு உடனே வராததால் சொற்கள் மெல்லத் தாமதமாகிவிட்டன. ‘இதோ வந்துட்டேன்’ என்ற நம் வாக்கியத்துக்கு இன்று எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பாருங்கள்.

‘லெட்’ என்ற சொல்லுக்குத் தடை என்று ஒரு பழைய பொருள் உண்டு. அனுமதி என்பதற்கு நேர் எதிர். அது செத்துப்போய் நெடுங்காலம் ஆயிற்று, ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் இன்னும் மூச்சு விடுகிறது. உள் அட்டைப் பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும், இவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ போக விடுங்கள் என்று. டென்னிஸில் சர்வ் வலையில் பட்டு விழுந்தால் ‘லெட்’ என்று கூவுகிறார்களே, அதுவும் இந்தத் தடைதான்.

‘டென் பாப்’ பத்து ஷில்லிங். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆறு பென்ஸ் நாணயம் ‘டேனர்’. 21 ஷில்லிங் ஒரு ‘கினி’. டாக்டர், வக்கீல் கட்டணங்களைக் கினியில் சொல்வது கௌரவம். 1971 பிப்ரவரி 15 அன்று இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறிய பிறகு பாப், டேனர் எல்லாம் மெல்லப் போயின. பவுண்டைக் குறிக்கும் ‘க்விட்’ மட்டும் இன்றும் தெருவில் புழங்குகிறது. நாம் 1957இலேயே மாறிவிட்டோம். ஆனாலும் நாலணா, எட்டணா என்று எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

‘யூஸ் யுவர் லோஃப்’ என்பதற்கு ரொட்டியைப் பயன்படுத்து என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். இதில்தான் எனக்கு ரொம்ப ஆசை. கிழக்கு லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் தள்ளுவண்டிக்காரர்களும் தெருவியாபாரிகளும் புழங்கிய இயைபுக் கொச்சை இது. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சை அகராதியிலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. தலைக்கு ‘ஹெட்’. அதோடு இயையும் சொல் ‘ப்ரெட்’. ஆகவே தலையை ‘லோஃப் ஆஃப் ப்ரெட்’ என்றார்கள். அப்புறம் இயைகிற ‘ப்ரெட்’டையே வெட்டிவிட்டு ‘லோஃப்’ என்று மட்டும் சொன்னார்கள். ஆகவே ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் தலையைப் பயன்படுத்து, அதாவது மூளையைப் பயன்படுத்து. சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பூட்டை மட்டும் காட்டுகிற வேலை. வெளியாளுக்கு ஜென்மத்துக்கும் புரியாது. தமிழில் செய்து பார்த்தால் இப்படி இருக்கும்: பொய்க்கு இயைபாக ‘பசு நெய்’ என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு நெய்யை விட்டுவிட்டு, ‘அவன் வாயைத் திறந்தாலே பசுதான்’ என்போம். அவர்கள் பொய்யான ‘லைஸ்’ என்பதற்கு ‘போர்க் பைஸ்’ என்று வைத்து, அதையும் தேய்த்துப் ‘போர்க்கீஸ்’ ஆக்கிவிட்டார்கள். ‘புட்ச்சர்ஸ் ஹுக்’ என்பது ‘லுக்’. ஆகவே ‘புட்ச்சர்ஸ் பார்’ என்றால் ஒரு பார்வை பார். ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்பது ‘ஸ்டேர்ஸ்’, அதாவது மாடிப்படி. ‘சைனா ப்ளேட்’ என்பது ‘மேட்’, ஆகவே நண்பன் ‘சைனா’. அந்த நாட்டோடு சம்பந்தமே இல்லை. இதெல்லாம் தெரியாமல் மொழிபெயர்த்தால் கசாப்புக் கடைக்காரர், பழக்கடைக்காரர் என்று இல்லாத ஆட்களெல்லாம் கதைக்குள் நடமாடுவார்கள்.

பகட்டான என்று பொருள்படும் ‘பாஷ்’ பற்றி வாட்ஸப்பில் வந்த செய்தியையும் அனுப்பியிருந்தீர்கள். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் வெயில் படாத பக்கத்து அறை கேட்டார்களாம், போகும்போது இடது பக்கம், வரும்போது வலது பக்கம், அந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் ‘பாஷ்’ என்று டிக்கெட்டில் அச்சானதாம். அழகான கதை, ஆனால் அப்படி அச்சான டிக்கெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. பழைய சொல் ஒன்றுக்கு முதலெழுத்துகளைக் கூட்டி விளக்கம் வந்தால் பத்தில் ஒன்பது கட்டுக்கதை. ‘ஓகே’ ஓர் அரிய விதிவிலக்கு. 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி, முதலெழுத்தை எடுத்துக் கிண்டலாகப் போட்டார்கள். அன்றைய ‘ரிஸ்’ அது. ஒரு வருடத்தில் செத்திருக்க வேண்டியது, இன்று கும்பகோணம் வரை வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் வெறுத்து ஒதுக்கிய கொச்சைச் சொற்களில், கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ ஒன்று, இரண்டு லத்தீன் சொற்களை வெட்டிச் செய்தது. இன்று நீதிமன்றத் தீர்ப்பிலேயே வருகிறது. ஆகவே பேரனின் சொற்களில் எது நிற்கும், எது போகும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கடைசிக் கேள்வி, உங்கள் ஆங்கிலம் காலாவதியா என்பது.

காலையில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் டிபன் என்பீர்கள். 1785இல் லண்டனில் ஃப்ரான்சிஸ் க்ரோஸ் என்பவர் தெருக்கொச்சைக்கு ஓர் அகராதி போட்டார். அதில் ‘டிஃபிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. வேளை கெட்ட வேளையில் தின்பதும் குடிப்பதும் என்று பொருள். இங்கிலாந்தில் அது மறைந்துவிட்டது. கப்பலேறி இங்கே வந்ததுதான் ‘டிஃபின்’ ஆகி, இட்லி வடையோடு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அலுவலகத்தில் எழுதிய ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ எல்லாமும் இதே ரகம். லண்டன்காரருக்கு அவை தூசி படிந்த சாமான். நமக்குப் புழங்கு பாத்திரம். இந்தியாவுக்குள் எழுதும்போது அவற்றில் தப்பே இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு எழுதினால் மட்டும் என்ன செய்ய வேண்டும் என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். ‘இன்ஸ்டன்ட்’, ‘அல்டிமோ’ என்று இந்த மாதத்தையும் போன மாதத்தையும் குறிப்பதை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். அது உங்கள் தலைமுறைக்கு முன்னாலேயே கிழடு தட்டிவிட்டது.

போக்குவரத்து ஒரு பக்கமாகவும் இல்லை. நம்மூர்ச் சொற்கள் அங்கே போய் அடித்த கூத்தை 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதியில் பார்க்கலாம். ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் இருவரும் தொகுத்தது. பர்னல் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர், தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. சுருட்டு அங்கே ‘செரூட்’ ஆனது. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடாணி’ ஆனது. அதை விரும்பிக் குடித்ததால் மதராஸ் மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே ‘மல்’ என்று பட்டப்பெயர் வந்தது. எல்லாவற்றையும்விட, நம் கட்டுமரம் பட்ட பாடு! க்ரோஸ் அகராதியின் 1811ஆம் வருடப் பதிப்பில் ‘கேட்டமரன்’ என்று தேடினால் மெலிந்து வற்றிய கிழவி என்று போட்டிருக்கும். பிறகு சண்டைக்காரக் கிழவிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். மெரினாவில் அலைமேல் போன நாலு கட்டை, லண்டன் சந்துக்குள் எப்படி அப்படி ஆயிற்றோ.

எனவே உங்கள் ஆங்கிலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். நாவல் படிக்கும்போது புத்தகம் வெளியான வருடத்தை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த சொல் இடிக்கிற மாதிரி வந்தால் முதலில் அந்த வருடத்தைப் பாருங்கள், அப்புறம் அகராதி. தெரியாத சொல்லை நாமே தேடிவிடுவோம். தெரிந்தது என்று தாண்டிப் போகிற சொல்தான் காலை வாரும். பேரனின் சொற்களை அவனிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவான். ஆனால் பதிலுக்கு ‘ரிஸ்’, ‘ஸ்லே’ என்று ஆரம்பிக்காதீர்கள். தாத்தா சொன்ன மறுநாள் அந்தச் சொல்லை அவர்கள் கைவிட்டுவிடுவார்கள், பாவம். தோசை மாதிரி பதில்களே போதும்.

அழைப்பிதழில் ‘கே அண்ட்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டால் போதும். ‘மெர்ரி’க்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.